கண்ணுக்குத் தெரியாத அஸ்திபாரம்



ஆலயக் கட்டிட நிதிக்குத் தவறாமல் காணிக்கை அனுப்பும் ஒரு சகோதரி சென்ற மாதம் நேரில் வந்திருந்தார்கள். இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயரே, ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் ஒரு சுவர்கூட எழும்பவில்லையே?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்குச் சொன்ன பதிலையே உங்கள் அனைவருக்கும் எழுதுகிறோம்.

சென்னை எழும்பூரில் பரிசுத்த அந்திரேயா ஆலயத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்து நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் சபையாருக்காகக் கட்டப்பட்டது அது. பிரஸ்பிட்டர் என்பது மூப்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். சபையார் தெரிந்தெடுக்கும் மூப்பர்கள் போதகரோடு சேர்ந்து சபையை நடத்துவதால் இந்தப் பெயர் வந்தது. 1818 ஏப்ரல் 6ஆம் தேதி அந்த ஆலயத்துக்கு அஸ்திபாரக் கல் நாட்டினார்கள். 1821 பிப்ரவரியில் ஆராதனைக்குத் திறந்தார்கள்.

கட்டியவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற இராணுவப் பொறியாளர். அங்கே இருந்த மண் ஈரமான, இளகிய மண். வட்டமான பெரிய மண்டபத்தையும், அதன்மேல் ஐம்பது அடிக்கு மேல் அகலமுள்ள செங்கல் கவிமாடத்தையும், நூற்றறுபது அடிக்கு மேல் உயர்ந்த கோபுரத்தையும் அந்த மண் எப்படித் தாங்கும்? அவர் நம் நாட்டுக் கிணறு வெட்டும் முறையைக் கையாண்டார். தரையில் செங்கல்லால் வட்டமாகச் சுவர் எழுப்பி, உள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட, அது தன் பாரத்தினாலேயே கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே வரிசை கட்டுவார்கள். கெட்டியான மண்ணைத் தொட்ட பிறகுதான் நிறுத்துவார்கள். இப்படிச் சுமார் 150 கிணறுகளை இறக்கி, அவற்றின்மேல் ஆலயத்தை நிறுத்தினார்கள். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே ஆராதனை நடக்கிறது. உள்ளே நின்று கவிமாடத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறவர்கள் அநேகர். காலுக்குக் கீழே உள்ள கிணறுகளை நினைக்கிறவர்கள் சிலரே.

அந்த ஆலயத்தின் ஊழியம் சுவர்களுக்குள் அடங்கிவிடவில்லை. அதன் குருமார் 1835இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். 1837இல் வந்த ஜான் ஆண்டர்சன் ஐயரின் கையில் அது வளர்ந்து, பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. அதே ஸ்காட்லாந்து சபைப் பாரம்பரியத்தில் வந்த மருத்துவர் மெட்டில்டா மக்ஃபெயில் அம்மையார் 1888இல் தொடங்கிய மருத்துவ ஊழியமே இராயபுரம் ரெய்னி மருத்துவமனை. 1908இல் பிரஸ்பிட்டேரியன் சபையாரும் காங்கிரிகேஷனல் சபையாரும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆனார்கள். 1947 செப்டம்பர் 27இல் அது தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது.

இனி எங்கள் காரியம். முன்பு நாங்களும் அவசரப்பட்டோம் என்பதை மறைக்கவில்லை. சரிவான நிலத்தில் இரண்டடி மட்டும் தோண்டி ஒரு சிறு ஜெபக்கூடம் எழுப்பினோம். ஐப்பசி மழையில் மேட்டுத் தண்ணீர் அடிமண்ணை அரித்தது. பின்சுவர் கை நுழையும் அளவுக்குப் பிளந்தது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அன்றுமுதல் பலா மரத்தடியில்தான் உட்காருகிறார்கள். அன்று பிள்ளைகள் உள்ளே இல்லாதது தேவனுடைய இரக்கம். எங்கள் ஞானம் அல்ல.

ஆகவே இந்த முறை பாறை தட்டும்வரை தோண்டினோம். மேட்டுப் பக்கம் கருங்கல்லால் தாங்குசுவர் கட்டி, மழைத் தண்ணீர் விலகி ஓட வாய்க்கால் வெட்டினோம். நீங்கள் அனுப்பிய காணிக்கை முழுவதும் இன்று மண்ணுக்குள் இருக்கிறது. நோயாளிகளின் மருந்துக்கென்று வந்த பணத்தில் ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கவில்லை. மூப்பர்கள் மாதந்தோறும் கணக்கைச் சபையார்முன் வாசிக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்ட அந்தச் சகோதரி, தோண்டிய குழிக்குள் மெல்ல இறங்கிப் பாறையைக் கையால் தொட்டுப் பார்த்தார்கள். "இதுவரைக்கும் வந்தாயிற்றா? அப்போ சரி ஐயரே" என்றார்கள்.

அடுத்த மழைக்கு முன் பிள்ளைகள் ஒரு கூரையின்கீழ் உட்கார வேண்டும். அதற்காக எங்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.