பெயரும் வாடகை, இடமும் வாடகை

1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் பலரால் மைக்ரோசாஃப்டின் ஹாட்மெயில் மின்னஞ்சலுக்குள் நுழைய முடியவில்லை. காரணம் சின்னது: ஹாட்மெயிலுக்குள் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட்.காம் என்ற டொமைன் பெயரை, அதாவது இணைய முகவரியை, புதுப்பிக்க மைக்ரோசாஃப்ட் மறந்துவிட்டது. அமெரிக்க புரோகிராமர் ஒருவர் தன் கைக்காசு 35 டாலரைக் கட்டிய பிறகே சிக்கல் தீர்ந்தது.

டொமைனை 'வாங்கினேன்' என்கிறோம். உண்மையில் அது வாடகைதான். .காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதியலாம். முதல் ஆண்டு சல்லிசாக இருக்கும். புதுப்பிப்புக் கட்டணத்தைத் தேடிப் படிக்க வேண்டும். அதைவிட முக்கியம், பெயர் யார் பேரில் பதிவாகிறது என்பது. தளத்தை வடிவமைத்தவர் தன் மின்னஞ்சலில் பதிந்துவிட்டால், பின்னாளில் தளத்தின் உரிமையாளர் அவர் பின்னால் அலைய வேண்டியதுதான்.

போனில் ஒருமுறை சொன்னால் எழுதிக்கொள்ள முடிகிற பெயரே நல்ல பெயர். தமிழிலேயே முடியும் '.இந்தியா', '.இலங்கை' முகவரிகளும் உண்டு.

பெயருக்கு அடுத்தது இடம். ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகள் குடியிருக்க ஒரு கணினியில் இடத்தை வாடகைக்கு எடுப்பது. அதில், ஒரே கணினியைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங், திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரி: தண்ணீர்த் தொட்டி பொது, பக்கத்து அறைக்காரர் குழாயை முழுக்கத் திறந்தால் இங்கே சொட்டும். வாடகை குறைவு. முதல் தளத்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் யோசிக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது.