ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பெட்டி

அச்சுக்குப் போகிற ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐயில், நான்கு வண்ணத்தில் போட்டோஷாப்பில் திறந்தால் சுமார் 35 எம்பி ஆகும். 1996 வாக்கில் சென்னை டிடிபி சென்டர் ஒன்றில் 16 எம்பி ராம் இருந்தால் அது நல்ல மெஷின். ஒற்றைப் பக்கம்கூட முழுசாக உள்ளே அடங்காது. மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, மறுபடி ஏற்றி, கரகரவென்ற சத்தத்தோடுதான் வேலை நடக்கும். ஒரு ஃபில்டரைத் தட்டிவிட்டு டீ குடித்து வந்தாலும் பார் பாதியில்தான் நிற்கும்.

அந்த நாளில் கிராஃபிக்ஸ் வேலைக்குப் பழைய கம்ப்யூட்டர் வாங்குவதைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. காரணம் கௌரவம் அல்ல, வேகம். 1993-ல் பென்டியம் வந்தபோது 60 மெகாஹெர்ட்ஸ். 1997-ல் பென்டியம் 2, 300 மெகாஹெர்ட்ஸ். 2000-ல் ஒரு கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டார்கள். மூன்று வருடம் ஓடிய மெஷின் டைப்பிங் வேலைக்கும் பில் போடவும்தான் லாயக்கு. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக்கிடக்கும் அந்த ரிச்சி ஸ்ட்ரீட் வட்டாரத்தில், ரேடியோ உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் கடைகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. "கோரல் டிராவுக்குப் பழைய செட் ஒண்ணு வேணும்" என்று போய் நின்றால் கடைக்காரரே வேண்டாம் என்பார். புது போர்டு, புது ராம் என்று பொறுக்கி அசெம்பிள் செய்தால் அரை லட்சத்தைத் தாண்டும். வீட்டு நகை அடகுக்குப் போய்த் திறந்த டிடிபி சென்டர்கள் கொஞ்சமல்ல.

துணிந்து பழசு வாங்கினால் தொல்லை மானிட்டரில் ஆரம்பிக்கும். கண்ணாடிக் குழாய் தேய்ந்து, வெள்ளைத் திரை லேசாகச் சிவந்து கிடக்கும். திரையில் பார்த்த மஞ்சள், பிரஸ்ஸிலிருந்து வேறு மஞ்சளாக வரும். 2000-க்குப் பிறகு வந்த போர்டுகளில் இன்னொரு வியாதி: கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, கசிந்து, ஒரு நாள் பெட்டி எழுந்திருக்காது.

இன்று நிலைமை தலைகீழ். கிராஃபிக்ஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குப் புது கேமிங் மெஷினைக் கடனில் வாங்கித் தருவது அவசியமில்லாத செலவு என்பதே என் கட்சி. ஓட்டம் மந்தமானதுதான் காரணம். இன்டெல் 2011-ல் விற்ற ஐ7-2600க்கும் நான்கு கோர், 2017-ல் விற்ற ஐ7-7700க்கும் நான்கு கோர். ஆறு வருடத்தில் வேகம் கொஞ்சம் கூடியதே தவிர, பழையது செத்துப்போகவில்லை. அதற்குள் ஐடி கம்பெனிகளும் இன்ஜினியரிங் டிசைன் அலுவலகங்களும் சில வருடத்துக்கு ஒருமுறை மெஷின்களை மொத்தமாகக் கழித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கழிந்து வருவதைத்தான் கடைகளில் 'லாட்' என்கிறார்கள்.

அதில் ஒன்றைத் திறந்து பாருங்கள். ஹெச்பி இசட்440 என்று கறுப்பாக, கனமாக ஒரு பெட்டி. "டிசைன் கம்பெனி லாட் அண்ணா, கீறல்கூட இருக்காது" என்று கடைப் பையன் மேசைமேல் தூக்கி வைப்பான். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். கைப்பிடியை இழுத்தால் பக்கத்துத் தகடு கழன்று வரும். உள்ளே எட்டு ராம் ஸ்லாட், ஆறு கோர் ஸியான் பிராசஸர், 700 வாட் பவர் சப்ளை. நாள் முழுக்க ஓடுவதற்கென்றே கட்டப்பட்ட பொருள். புதிதாக இருந்தபோது லட்சங்களில் பேசிய ஜாதி. இப்போது நடுத்தர செல்போன் விலைக்கு இறங்கி நிற்கிறது.

கல்யாண ஆல்பம் போடுகிறவர்களுக்கு இது தாராளம். 12க்கு 36 அங்குலத் தாளை 300 டிபிஐயில் விரித்தால் ஒரு லேயருக்கு 117 எம்பி வரும். மாலை, மண்டபம், வானம், பூத்தூவல் என்று இருபது லேயர் ஏறினால் இரண்டேகால் ஜிபியைத் தாண்டிவிடும். இதற்குத் தேவை 32 ஜிபி ராமும் நல்ல எஸ்எஸ்டியும்தான். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு அல்ல. பிளெண்டர், டாவின்சி ரிசால்வ் பக்கம் போகிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே கார்டின் சொந்த மெமரி 8 ஜிபியாவது இல்லாவிட்டால் கை கட்டிப்போட்ட மாதிரி. ராம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இந்தப் பெட்டிகளில் இருக்கும் ரிஜிஸ்டர்டு ஈசிசி ராம் சாதாரண போர்டில் ஏறாது.

ஏமாற்று மட்டும் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஒல்லியான அலுவலகப் பெட்டியில் ஜிடி 710 கார்டைச் செருகி, 'கிராஃபிக்ஸ் பிசி' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். அந்தக் கார்டால் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸைப் பெரிதாக மிஞ்ச முடியாது. நல்ல கார்டு போடலாம் என்றாலோ பெட்டியில் உயரமும் இல்லை, பவரும் இல்லை. ஒர்க்ஸ்டேஷனோடு வரும் குவாட்ரோ கே2000, பெயரில்தான் பெரிய மனுஷன். அந்தத் தலைமுறைக்குப் புது டிரைவர் தருவதை என்விடியா நிறுத்தியாகிவிட்டது.

2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும் கார்டு வைத்து அதைத் தோண்டும் மைனிங் நின்றது. இரவு பகலாகச் சூட்டில் வெந்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. மைனிங் கார்டு என்றாலே தொடாதே என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஃபேனும் தெர்மல் பேடும் மாற்றினால் பல கார்டுகள் நன்றாகவே ஓடுகின்றன. பயப்பட வேண்டியது பெயர் மோசடிக்கு. ஆர்எக்ஸ் 580 என்று கேட்டு வாங்குவீர்கள்; அசலில் 2304 ஷேடர்கள் இருக்க வேண்டும். 2048 மட்டுமே இருக்கும் இன்னொரு வகையும் அதே பெயரில் உலவுகிறது. அது நடைமுறையில் ஆர்எக்ஸ் 570. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டினால் எண் தெரிந்துவிடும். பயாஸை மாற்றி எழுதிய போலிக் கார்டுகள் பலவற்றையும் அது காட்டிக்கொடுக்கும். டெல் பெட்டியாக இருந்தால் ஏழு எழுத்து சர்வீஸ் டேக்கை அந்தக் கம்பெனியின் தளத்தில் போடுங்கள். ஃபேக்டரியிலிருந்து என்னென்ன பாகங்களோடு புறப்பட்டது என்ற ஜாதகமே வந்துவிடும்.

அன்று மெஷினுக்கு வயதானது வேகத்தால். இன்று வயதை மென்பொருள் தீர்மானிக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. மேலே சொன்ன இசட்440-ன் ஸியான், விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. கல்லுப்போல் இருக்கும் மெஷின், காகிதத்தில் காலாவதி! குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறோம் என்பார்கள்; ஏறும், ஆனால் நாளை அப்டேட் வருமா என்பதற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை. பிளெண்டர், கிருட்டா, இங்க்ஸ்கேப் போதும் என்பவர்கள் லினக்ஸ் போட்டு நிம்மதியாக இருக்கலாம். போட்டோஷாப்பும் கோரல் டிராவும்தான் சோறு போடுகின்றன என்றால், கூடக் கொஞ்சம் கொடுத்து ஸியான் டபிள்யூ-2100 வரிசை பிராசஸர் உள்ள ஹெச்பி இசட்4 ஜி4 அல்லது டெல் பிரிசிஷன் 5820 தேடுங்கள். இவை பட்டியலில் உண்டு.

மானிட்டரை மட்டும் புதிதாக வாங்குங்கள், ஐபிஎஸ் பேனலாக. லாட்டில் இலவசமாகத் தள்ளிவிடும் பழைய டிஎன் பேனல், தலையைச் சாய்த்தாலே நிறம் மாறும். மணப்பெண்ணின் புடவை நிறத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடைக்குப் போகும்போது இதுவரை செய்ததிலேயே கனமான ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். அதை அங்கேயே திறந்து அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.