வீட்டுக்குள் ஒரு பொருளாதாரம் – 9: அம்மா கைக்கு வந்த பணம்

வருமானம் ஏற ஏற, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறையும். 1857-இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் சொன்ன விதி இது. ஏறக்குறைய எல்லா நாட்டிலும் பலித்தது. மெக்சிகோவின் கிராமங்களில் கொஞ்சம் பிசகியது.

1997-இல் அந்நாட்டு அரசு ‘ப்ரோக்ரெசா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. நிதியமைச்சகத்தில் இருந்த பொருளியலாளர் சாந்தியாகோ லெவி வகுத்தது. அதுவரை உணவு மானியத்தில் பெரும்பகுதி நகரத்துக்கே போய்க்கொண்டிருந்தது. புதிய திட்டத்தில் ஏழைக் கிராமங்களுக்கு நேராகப் பணம். நஹுவா, ஒதோமி போன்ற பழங்குடி மக்களின் ஊர்கள் அவற்றில் ஏராளம். பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காகப் போனால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம் வரும். நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்குப் பையனைவிடச் சற்றுக் கூடுதல். வாங்குபவர் வீட்டின் அம்மா. அப்பா அல்ல.

இந்தக் கடைசி விஷயம் சின்னதாகத் தெரியலாம். அந்த ஊர்களில் பல வீடுகளில் சோளம் விற்ற காசும் கூலிக் காசும் கணவனிடம்தான் இருக்கும். வீட்டுச் செலவுக்கென்று அவன் எடுத்துக் கொடுப்பதற்கு ‘காஸ்தோ’ என்று பெயர். மீதி எவ்வளவு, எங்கே போனது என்று கேட்கும் வழக்கமில்லை. பிள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டுமென்றாலும் அவனிடம்தான் கையேந்த வேண்டும்.

திட்டத்தின் பலனை அளக்க 506 ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் 320 ஊர்களுக்கு முதலில் பணம். மற்ற 186 காத்திருந்தன. பொருளியலாளர்கள் ஒராசியோ அத்தனாசியோவும் வலேரி லெஷேனும் இந்த வீடுகளின் செலவுக் கணக்கைத் துருவினார்கள். கைக்காசு கூடியிருந்தது, உணவின் பங்கோ குறையவே இல்லை. இறைச்சியும் காய்கறியும் பழமும் கூடுதலாக அடுப்படிக்கு வந்தன. குஸ்தாவோ போபோனிஸ் இன்னொரு கோணத்தில் பார்த்தார். மழை பெய்து, பொய்த்து வருமானம் ஏறி இறங்கியபோது பிள்ளைகளின் துணிமணிக்கான பங்கு பெரிதாக அசையவில்லை. அம்மா கைக்குப் பணம் வந்தபோது அது உயர்ந்தது. குடும்பம் என்றால் ஒரே கஜானா, யார் சம்பாதித்தாலும் செலவு ஒன்றுதான் என்ற பழைய அனுமானம் இங்கே அடிவாங்கியது.

இதை வைத்து, ‘பெண் என்றாலே பொறுப்பு’ என்று புல்லரிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்த அரசும் அப்படித்தான் நம்பியது. அதனால் வேலையெல்லாம் அவள் தலையில் விழுந்தது. சுகாதார நிலையத்தில் வரிசை, மாதாமாதம் அறிவுரைக் கூட்டம், பணம் வாங்கத் தொலைதூரப் பயணம். பல இடங்களில் அந்த நிலையத்தையே கூட்டிப் பெருக்கவும் சொன்னார்கள். கணவனுக்கு இப்படி வேலை எதுவும் கிடையாது. மாக்சின் மொலினோ என்ற சமூகவியலாளர் 2006-இல் இதைக் கடுமையாகச் சாடினார். நம் ஊரில் 2023 முதல் தரப்படும் மகளிர் உரிமைத் தொகை, தகுதி பார்த்துத் தந்தாலும், வாங்கியவளை இப்படி வேலை வாங்குவதில்லை.

வீட்டுக்குள் இன்னொன்றும் நடந்தது. பணம் பெற்ற பெண்கள் அடிபடுவது குறைந்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. அடிக்காமல் மிரட்டுவது கூடியது என்றும் அதே ஆய்வுதான் சொன்னது. மிரட்டினால் காசைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்திருக்கலாம். இன்னோர் ஆய்வின்படி, அதிகம் படிக்காத, பழைய மனப்போக்குள்ள கணவர்கள் இருந்த வீடுகளில், தொகை பெரிதானபோது வன்முறையே கூடியது.

பெயர்கள் இரண்டு முறை மாறி, 2019-இல் திட்டம் மூடப்பட்டது. அது இருந்த காலம் முழுக்க, சோளம் விளையும் நிலத்தைத் தொடவே இல்லை. 1992-இல் ‘எஹிதோ’ எனப்படும் பொதுநிலங்களுக்கான சட்டத்தைத் திருத்தி, குடும்பங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் பெரும்பாலும் ஏறியது ஆணின் பெயர். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)