அத்தான் வாங்கி வந்த சிடி

2004 பொங்கலுக்கு டொராண்டோவிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு சாக்லேட், அம்மாவுக்கு முழங்கால் வலிக்கு ஒரு தைலம், எனக்கு மட்டும் ஒரு மெல்லிய பெட்டி. நான்தான் இரண்டு மாதம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அத்தான் கேட்டார்: "ஏம்மா, ஆர்டர் பண்ணும்போது பார்த்தேன். இந்த சாஃப்ட்வேர் இலவசம்னு அவங்களே போட்டிருக்காங்க. நெட்லயே இறக்கிக்கலாமாம். அப்புறம் எதுக்கு 40 டாலர்?"

"இங்க இறக்க முடியாது அத்தான், லைன் அவ்வளவு மோசம்" என்றேன். அது பாதி பதில்தான். மீதிப் பாதியைச் சொல்வதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கணினி லேப் என் பொறுப்பில் இருந்தது. 30 கணினிகள், ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. முந்தைய ஆகஸ்டில் இணையம் வழியாக ஒரு புழு புகுந்து, 30 கணினிகளும் ஒவ்வொன்றாக அணைந்து அணைந்து எழுந்தன. நான்கு நாள் வகுப்பு நடக்கவில்லை. லேபுக்கும் வெளி உலகுக்கும் நடுவே காவலுக்கு ஒரு கணினியை நிறுத்த வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். கையில் காசு கிடையாது. மூலையில் 32 எம்பி நினைவகத்தோடு ஒரு பழைய பெண்டியம் தூசி படிந்து கிடந்தது. அதிலும் ஓடும், காவலுக்கும் நம்பலாம் என்று விசாரித்த இடத்தில் சொன்ன இயங்குதளத்தின் பெயர், ஓப்பன் பிஎஸ்டி.

நல்ல நாளிலேயே எங்கள் இணைப்பு விநாடிக்கு 4 கேபி தரும். ஏறக்குறைய 150 எம்பி இறக்க 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் லைன் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. மூன்று ராத்திரி முயன்றுவிட்டுத்தான் அத்தானிடம் சொன்னேன்.

பெட்டிக்குள் மூன்று சிடிகள், நிறுவும் முறை அச்சிட்ட ஒரு சிறு கையேடு, சில ஸ்டிக்கர்கள். அட்டையில் ஒரு பேத்தை மீன், ராபின் ஹூட் வேஷத்தில். பேத்தை என்பது ஆபத்து வந்தால் பந்துபோல் உப்பி முள்ளை விறைக்கும் மீன். தூத்துக்குடிக் கடற்கரையில் வலையோடு வந்தால் எடுத்துத் தூரப் போடுவார்கள். கால்கரி என்ற, கடலே இல்லாத கனடா நகரத்துக்காரர்கள் அதைத் தங்கள் சின்னமாக எடுத்து, பஃபி என்று பெயரும் வைத்திருந்தார்கள். ஒரு சிடியில் பாட்டுகூட இருந்தது. 2001 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பாட்டு எழுதி, இசை அமைத்து, பாடிச் சேர்த்தார்கள்.

அத்தானின் கேள்விக்கு வருகிறேன்.

1995 அக்டோபரில் தியோ டி ராட் என்பவர் தொடங்கியது ஓப்பன் பிஎஸ்டி. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, சிறுவனாகக் கால்கரிக்கு வந்தவர். நெட்பிஎஸ்டி என்ற குழுவில் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் வெளியேற்றப்பட்டு, அதே நிரலை எடுத்துக்கொண்டு தனி வழி கண்டார். எழுதிய நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். இதைத்தான் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். இலவசம் என்ற சொல்லைவிட அது சரியான சொல் என்பது என் கருத்து. கட்டு இல்லை என்பதற்கும் காசு இல்லை என்பதற்கும் நிறைய தூரம். கட்டு இல்லை என்று சொல்லிக் கொடுப்பவருக்கும் கரண்ட் பில் கட்டியாக வேண்டுமே.

ஓப்பன் பிஎஸ்டிக்கு அந்தப் பணம் பெரும்பாலும் சிடியிலிருந்து வந்தது. வருடத்துக்கு இரண்டு வெளியீடு. பெரும்பாலும் மே 1, நவம்பர் 1. நம் ஊரில் ரயில் நேரம் பார்ப்பதுபோல் அந்தத் தேதிகளை நம்ப முடிந்தது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு சிடி பெட்டி, ஒரு டி-ஷர்ட், ஒரு போஸ்டர். இவை விற்ற காசில்தான் திட்டம் நடந்தது. டி ராட்டின் பிழைப்பும் அதில்தான்.

ஒரு நுட்பமான ஏற்பாடும் வைத்திருந்தார்கள். நிரலுக்கு எந்தத் தடையும் இல்லை, கோப்புகளை நேராக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் அச்சிட்டு விற்ற சிடியில் எந்தக் கோப்பு எங்கே உட்கார வேண்டும் என்ற அந்த அடுக்கு இருக்கிறதே, அதற்கு மட்டும் டி ராட் பதிப்புரிமை வைத்திருந்தார். அந்த சிடியை அப்படியே நகல் எடுத்துப் பரப்பக் கூடாது. வேண்டுமானால் கோப்புகளை நீங்களே இறக்கி, நீங்களே அடுக்கி, உங்கள் சொந்த சிடி செய்துகொள்ளலாம். அதை யாரும் தடுக்கவில்லை. இதைக் கள்ளத்தனம் என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்குகிறவரிடம் ஒளிவுமறைவு இல்லாமல், "நீங்கள் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படிச் செய்கிறோம்" என்று எழுதியே வைத்திருந்தார்கள்.

கட்டற்ற நிரலை ஒரு பொருளில் பதிந்து விற்கும் இந்த வழியை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1985-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலையை விட்டுவிட்டு நின்றபோது, தான் எழுதிய ஈமேக்ஸ் எடிட்டரைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். வலைத் தொடர்பு இருந்தவர்கள் சும்மா எடுத்துக்கொண்டார்கள், இல்லாதவர்கள் நாடா வாங்கினார்கள். 1991-இல் கலிஃபோர்னியாவில் வால்நட் கிரீக் சிடிராம் என்ற நிறுவனம் பிறந்தது. ஃப்ரீபிஎஸ்டி, ஸ்லாக்வேர் லினக்ஸ் இரண்டையும் சிடியில் போட்டு விற்று, அந்த வருமானத்தில் ஃப்ரீபிஎஸ்டிக்கு ஆள், கணினி, இணைய வசதி எல்லாம் கொடுத்தது.

நம் ஊரில் பலருக்குத் தெரிந்தது உபுண்டு சிடி. முகவரி கொடுத்தால் தபால் செலவுகூட இல்லாமல் வீட்டுக்கே வரும். 2011 வரை அனுப்பினார்கள். எங்கள் மாணவர்கள் அதை வாங்கிக் குவித்தார்கள், நானும் வகுப்பில் கொடுத்திருக்கிறேன். அதன் பின்னால் மார்க் ஷட்டில்வொர்த் என்ற செல்வந்தரின் பணம் இருந்தது. பஃபிக்குப் பின்னால் அப்படி ஒருவரும் இல்லை. என்னைப்போன்ற ஆயிரம் பேரின் 40 டாலர்தான் அதற்கு முதலாளி.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதுதான் என்னை ஈர்த்த கதை. டி ராட் வீட்டின் கீழ்த்தளத்தில் பலவகைக் கணினிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன: ஸ்பார்க், ஆல்ஃபா, உலகமே கைவிட்ட வேக்ஸ்கூட. ஒவ்வொரு ரகத்துக்கான பதிப்பையும் அந்தந்த ரகக் கணினியிலேயே தயாரித்தார்கள். ஒரு வேகமான கணினியில் எல்லாவற்றையும் செய்து முடித்திருக்கலாம், மின்சாரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் ஒரு கணினியில் ஒளிந்துகிடக்கும் பிழை, எண்களை வேறு வரிசையில் அடுக்கும் இன்னொரு கணினியில் முகம் காட்டிவிடும். நெல்லை ஒரே சல்லடையில் சலிக்காமல் நாலு சல்லடையில் சலிப்பதுபோல. பாதுகாப்புக்குப் பெயர் வாங்கியதில் இதற்கும் பங்கு உண்டு.

அடுத்து, கூடி வேலை செய்யும் சந்திப்புகள். 1999 ஜூனில் 10 பேர் கால்கரியில் ஒன்றுகூடி நிரல் எழுதினார்கள். ஹேக்கத்தான் என்று இன்று நம் பொறியியல் கல்லூரிகளில் பேனர் கட்டுகிறார்களே, அந்தச் சொல்லை முதலில் வழக்கத்துக்குக் கொண்டுவந்த கூட்டங்களில் ஒன்று இது. கனடாவில் கூடியதற்கும் காரணம் உண்டு. ரகசியக் குறியீட்டு நிரல்களை அமெரிக்காவுக்கு வெளியே அனுப்ப அந்நாட்டுச் சட்டம் அப்போது இடம் தரவில்லை. கனடாவில் எழுதி, கனடாவிலிருந்து சிடி அனுப்பினால் சிக்கல் இல்லை.

அதே 1999-இன் கடைசியில், டிசம்பர் 1 அன்று, 2.6 பதிப்போடு ஓப்பன் எஸ்எஸ்எச் வெளிவந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்து தொலைவில் உள்ள கணினியை, நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாமல் இயக்கும் கருவி. ஃபின்லாந்துக்காரர் ஒருவர் எழுதிய எஸ்எஸ்எச்சின் பழைய கட்டற்ற பதிப்பை எடுத்துச் சுத்தம் செய்து வளர்த்தது இது. இன்று இணையச் சர்வர்களைப் பராமரிக்கும் ஆட்களில் இதைத் தொடாமல் ஒரு நாளைக் கழிப்பவர் அபூர்வம். மேக், லினக்ஸ், பின்னாளில் விண்டோஸ் என எல்லாவற்றிலும் இருக்கிறது. அத்தனை நிறுவனங்களுக்கும் இது சும்மாவே போய்ச் சேர்ந்தது. உரிமம் அப்படி, ஒரு பைசா தரக் கட்டாயம் இல்லை. சிடி வாங்கிய எங்களைப்போன்ற சில்லறை ஆட்கள் அதன் செலவைச் சுமந்தோம். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையும் இருக்கிறது, அந்தப் பெரிய இடங்கள்மேல் மனத்தாங்கலும் இருக்கிறது.

பெரிய இடத்துப் பணம் ஒரு முறை வந்தது. அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வழியாக 20 லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கியிருந்தது. ஈராக் போரைப் பற்றி டி ராட் பத்திரிகையில் தன் மனதில் பட்டதைச் சொன்னார். 2003 ஏப்ரலில் பணம் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் கால்கரியில் திட்டமிட்டிருந்த ஹேக்கத்தான் நடக்குமா என்ற நிலை; பலர் கைக்காசு போட்டு நடத்தினார்கள். என் சிடி அட்டையில் பஃபி ராபின் ஹூட் வேஷம் போட்டிருந்தது அதன் பிறகு, அதே வருடம் நவம்பரில் வந்த 3.4 பதிப்பில். அந்த வேஷத்துக்குள் இந்தக் கதை இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து லேபைத் திறந்ததும் முதல் சிடியைப் பெண்டியத்துக்குள் போட்டேன். டிரைவ் ஒரு நிமிடம் உறுமியது. நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரி வரியாக இறங்கின. ஒவ்வொரு வரியும் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் பெயர். இரண்டு நெட்வொர்க் கார்டுகளையும் அது அடையாளம் கண்டு சொன்னபோது கைதட்டலாம்போல் இருந்தது. கையேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, வட்டைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் இரண்டு முறை தப்பு செய்து, மத்தியானத்துக்குள் நிறுவிவிட்டேன். சாயங்காலம் பிஎஃப் என்ற காவல் நிரலுக்கு 11 வரி விதிகள் எழுதினேன். ஏழு வருடம் அந்தப் பெட்டி நிற்காமல் ஓடியது. ஒரு ஸ்டிக்கரை அதன் நெற்றியில் ஒட்டினேன். புதிதாக வந்த மாணவர்கள் அதை "மீன் கம்ப்யூட்டர்" என்றார்கள்.

சிறுபத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்களுக்கு இந்த வியாபாரம் எளிதில் விளங்கும். நூலகத்தில் போய்ச் சும்மாவே படிக்கலாம். இருந்தும் நம் விலாசத்துக்கு ஒரு இதழ் தபாலில் வருகிறது என்றால் கை தானாக மணியார்டர் பாரத்தை எடுக்கும். நன்கொடை கொடுங்கள் என்றால் யோசிப்போம். கையில் பிடிக்க ஒரு பொருள் வந்தால் யோசிக்க மாட்டோம். அலுவலகத்தில் பணம் கேட்பவர்களுக்கும் அப்படித்தான். "தானம்" என்று எழுதினால் கணக்குப் பிரிவு கையெழுத்துப் போடாது, "சிடி 1, விலை இவ்வளவு" என்ற பில்லுக்குப் போடும்.

அந்தப் பொருளுக்கே தேவை குறைந்தது பிராட்பேண்ட் வந்த பிறகு. 2006-இல் சிடி விற்பனை சரிந்து திட்டம் நஷ்டத்தில் ஓடுவதை வெளிப்படையாக அறிவித்தார்கள். மொசில்லா 10,000 டாலர் தந்தது. மறு வருடம் ஓப்பன் பிஎஸ்டி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைக் கனடாவில் பதிவு செய்தார்கள். 2014 ஜனவரியில் நெருக்கடி முற்றியது. கீழ்த்தளக் கணினிகளுக்கான மின்கட்டணம் மட்டும் 20,000 டாலர், கட்ட வழியில்லை, கிடைக்காவிட்டால் மூட வேண்டியதுதான் என்று சொன்னார்கள். பிட்காயின் வியாபாரி ஒருவர் அந்தத் தொகையைக் கொடுத்தார், சில்லறைத் தொகைகளும் வந்து சேர்ந்தன. மூன்றே மாதத்தில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, உலகெங்கும் எண்ணற்ற இணையத் தளங்கள் நம்பியிருந்த ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நிரலுக்கு வருடத்துக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. மின்கட்டணம் கட்ட முடியாமல் தவித்த ஓப்பன் பிஎஸ்டி ஆட்கள்தான் அந்த நிரலை எடுத்துக் களை பறித்து, லிப்ரே எஸ்எஸ்எல் என்று தனியாகக் கொடுத்தார்கள். மறு வருடம் மைக்ரோசாஃப்ட் பெரிய தொகை ஒன்றை ஃபவுண்டேஷனுக்கு அளித்தது. நல்லது. ஓப்பன் எஸ்எஸ்எச் பிறந்து 15 வருடம் தாண்டியிருந்தது.

2016 செப்டம்பர் 1 அன்று வந்த 6.0 பதிப்புதான் சிடியில் வந்த கடைசி. 2017 ஏப்ரலில் 6.1 வந்தபோது பெட்டி இல்லை, எல்லாம் பதிவிறக்கம்தான். என்னிடம் மொத்தம் நான்கு பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டுப் பார்க்க இப்போது வீட்டில் ஒரு சிடி டிரைவ்கூட இல்லை.

போன டிசம்பரில் அத்தானிடம் போனில் பேசும்போது பழைய கேள்வியின் மீதிப் பதிலைச் சொன்னேன். அவருடைய மருமகன் வேலையில் தினமும் தட்டும் எஸ்எஸ்எச் அந்த 40 டாலர் ஆட்கள் வீட்டில் பிறந்தது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"ஏம்மா, உன் மீன்காரங்களுக்கு 100 டாலர் கட்டிட்டேன். வரிச் சலுகைக்கு ரசீது தர மாட்டாங்களாம், அது தர்ம ஸ்தாபனமா பதிவு ஆகலையாம். போகட்டும். முன்ன மாதிரி ஸ்டிக்கர் ஏதும் அனுப்புவாங்களா?"

"அனுப்ப மாட்டாங்க அத்தான்" என்றேன்.

3.4 பெட்டியில் ஒட்டாத ஸ்டிக்கர் ஒன்று பாக்கி இருந்தது. ஓரம் லேசாக மஞ்சளித்திருந்தது, பசை கெடவில்லை. திங்கட்கிழமை பாளையங்கோட்டைத் தபால் நிலையத்தில் டொராண்டோவுக்கு அனுப்பினேன்.