எந்தச் செல்?

கொச்சி நகரம். எறணாகுளம் பக்கம் பிராட்வே கடைத்தெரு. குடை, துணி, பாத்திரம், கடிகாரம் எல்லாம் அங்கே கிடைக்கும்.

தமிழ்ப் பெண் ஒருவர் ஒரு கடைக்கு வருகிறார். “சேட்டா, ஒரு செல் கொடுங்க” என்கிறார்.

“எந்தச் செல் சேச்சி? டார்ச்சுக்கா, கடிகாரத்துக்கா, பொம்மைக்கா?”

அவர் கையில் பேரனின் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் இருக்கிறது. ‘வெள்ளைச் செல் கூடியிருக்கிறது’ என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடையிலும் செல், ரத்தத்திலும் செல். பேசுவதும் செல்போனில். எல்லாம் ஒன்றா?

இல்லை. பெயர்தான் ஒன்று.

லத்தீன் மொழியில் ‘செல்லா’ என்றால் சிறிய அறை. மடத்தில் துறவி தங்கும் அறை செல். சிறையில் கைதியின் அறையும் செல். 1665-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர் தம் நூலில் ஒரு செய்தி எழுதினார். தக்கையைச் சீவி உருப்பெருக்கியில் பார்த்தபோது, தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தனவாம். அவற்றுக்குச் செல் என்று பெயர் வைத்தார்.

நம் உடம்பும் இத்தகைய செல்களால் ஆனதே. தமிழில் உயிரணு என்றும் சொல்கிறோம். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில், அதாவது ஏறக்குறைய குண்டூசித் தலையளவு ரத்தத்தில், வெள்ளைச் செல்கள் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். நோய்க்கிருமி உடம்புக்குள் வந்தால் எதிர்த்து நிற்க அவை பெருகும். சீட்டில் எண் கூடியதற்கு அது ஒரு காரணம்.

டார்ச்சில் போடுவது மின்கலம். உள்ளே இருக்கும் ரசாயனப் பொருள்கள் மின்சாரம் தருகின்றன. சூரிய மின்கலம் வெயிலிலிருந்து மின்சாரம் தருகிறது. கொச்சி விமான நிலையம் 2015 முதல் இந்த மின்சாரத்தை நம்பியே நடக்கிறது.

செல்போனில் வரும் செல் என்ன? ஊரை வயல் பாத்திபோலச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரமும் ஒரு செல். பஸ்ஸில் போகும்போது பேச்சு ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு மாறிக்கொண்டே போகும். கேரளத்தின் முதல் செல்போன் அழைப்பு 1996-இல் கொச்சியில்தான் நடந்தது. பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை.

‘செல்லரித்த ஏடு’ என்கிறோமே, அந்தச் செல் வேறு. அது கறையான். இந்தக் குடும்பத்தில் சேராது.

“பொம்மைக்குத்தான்” என்கிறார் அந்தப் பெண். கடைக்காரர் நாணயம் போன்ற தட்டையான செல்லை எடுக்கிறார். “பையனுக்கு எட்டாமல் வையுங்க” என்கிறார்.

அவர் சொல்வது சரி. குழந்தை அதை விழுங்கினால் தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளலாம். அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாயும். கடுமையான காரம் உண்டாகும். மின்சாரச் செல் உடம்பின் செல்களைப் பொசுக்கிவிடும். இரண்டு மணி நேரத்திலேயே பெரிய புண் ஆகலாம். உயிருக்கும் ஆபத்து. தீர்ந்துபோன செல்லும் இப்படிச் செய்யும்.

வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வலிக்கிறதா என்று பார்த்துக் காத்திருக்கவும் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எக்ஸ்ரேயில் அது தெரியும். ‘செல்லை விழுங்கிவிட்டான்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘பொம்மையில் போடும் வட்டச் செல்’ என்று சொல்ல வேண்டும். அதேபோல் இன்னொரு செல்லோ, அதன் அட்டையோ இருந்தால் கையோடு கொண்டுபோவது நல்லது.

அந்தப் பெண் பொம்மையைக் கடையிலேயே திறக்கச் சொல்கிறார். செல்லைப் போட்டு, மூடியின் திருகாணியை இறுக்கி வாங்கிக்கொள்கிறார். பழைய செல்லைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுகிறார்.