தேய்க்கத் தேய்க்கத் தேயும் பூச்சு

ஆயுத பூஜை நெருங்கும்போது நம் ஊர்களில் வாகனங்களுக்குச் செய்யப்படும் அலங்காரம் இப்போதெல்லாம் சந்தனப் பொட்டோடும் மாலையோடும் நின்றுவிடுவதில்லை. உப்புத்தாளும் ரப்பிங் காம்பவுண்டும் சுழலும் பாலிஷ் மெஷினும் வாங்கி வைத்துக்கொண்டு, பட்டறைக்குப் போகாமலே வீட்டு வாசலில் காருக்குப் புதுமெருகு ஏற்றிவிடலாம் என்னும் உற்சாகம் நடுத்தரக் குடும்பங்களில் பரவியிருக்கிறது. செலவு மிச்சம், சொந்த உழைப்பில் திருப்தி என்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் தாம் எதைத் தேய்க்கிறோம் என்பதை அறிந்துதான் தேய்க்கிறார்களா என்பதே என் கவலை.

அம்பாசிடர் காலத்துக் கார்களுக்குப் பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். மேலிருந்து கீழ்வரை நிறமே பூச்சாக இருந்த காலம் அது. இன்றைய கார்களிலோ பிரைமருக்கும் நிறத்துக்கும் மேலாகக் கிளியர் கோட் என்னும் நிறமற்ற படலம் இருக்கிறது. சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து நிறத்தை ரக்ஷிப்பதும், நாம் பிரகாசம் என்று வியப்பதும் அந்தப் படலத்தின் காரியமே. அதன் கனமோ சாதாரணமாக 40 மைக்ரான் அளவுதான்; தலைமயிரின் பருமன்கூட இல்லை. கீறலைப் போக்குவது என்றால் கீறலின் அடி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் சுற்றியுள்ள பூச்சையும் தேய்த்து இறக்குவது என்றே பொருள். நகத்தால் வருடும்போது நகம் தடுக்குமானால், அந்தக் கீறல் பெரும்பாலும் வீட்டில் தேய்த்துப் போக்கக்கூடியதன்று.

பழகிய பெயின்டர் வாட்டர் பேப்பர் பிடிப்பதைக் கவனித்தால் விஷயம் விளங்கும். 2000 எண் தாளை முன்னதாகவே தண்ணீரில் ஊறப்போட்டு, ரப்பர் கட்டையில் சுற்றி, சோப்பு கலந்த தண்ணீர் வழிய வழிய, அழுத்தாமல் இழுக்கிறார். விரல் நுனியால் தேய்த்தால் விரலின் தடமே பள்ளமாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். பானெட்டின் மடிப்பு விளிம்புகளில் பூச்சு மெலிந்திருக்குமாதலால் அங்கே டேப் ஒட்டிவிடுகிறார். வழியும் தண்ணீர் பால்போல் வெளுத்திருக்கும்வரை தேய்வது கிளியர் கோட். அதில் காரின் நிறம் கலந்துவிட்டால் எல்லை கடந்தாயிற்று, அப்புறம் எந்தப் பாலிஷும் உதவாது. அந்த நிதானம் கைவருவதற்கு முன் வெயிலில் காய்ந்த பானெட்டின்மேல் மெஷினை ஓட்டுகிறவர் ஒரு நிமிஷத்தில் பூச்சைச் சுட்டுவிடக்கூடும்.

இவ்வளவு தேய்ப்புக்கும் காரணம் என்ன என்று பார்த்தால், பாதிக் குற்றம் அன்றாடம் காலையில் துடைக்கும் துணியில் இருக்கிறது. தூசி படிந்த காரின்மீது காய்ந்த துணியை இழுத்தால் மணல் துகள்கள் பூச்சின்மீது நடக்கின்றன. மாலை வெயிலில் சிலந்திவலைபோல் தெரியும் வட்டக் கீறல்கள் அப்படி உண்டானவையே. பத்துக் கார்களுக்கு ஒரே வாளி, ஒரே துணி என்று நடக்கும் அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் இந்தச் சேதம் தினசரி நிகழ்கிறது. போதாக்குறைக்கு, போர் தண்ணீரை ஊற்றி வெயிலிலேயே உலரவிட்டால், அதிலுள்ள சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்துவிடுகிறது. புதுக்கறையானால் தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து உடனே அலம்பிவிட்டாலே கரைந்துவிடும். அதற்கும் உப்புத்தாளை எடுப்பவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது. வருஷந்தோறும் கீறலை உண்டாக்குவதும் வருஷந்தோறும் தேய்த்து நீக்குவதுமாகப் போனால், சில வருஷங்களில் கூரையும் பானெட்டும் வெளுத்து உரியத் தொடங்குவதில் ஆச்சரியமில்லை.

ஆகவே குடியிருப்புச் சங்கங்களை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கார் துடைக்கும் தொழிலாளிக்குக் கூலியோடு இரண்டு வாளியும், சில மைக்ரோஃபைபர் துணிகளும், முதலில் தூசியை அலசிவிட ஒரு ஹோஸ் குழாயும், கூடுமானால் உப்பில்லாத தண்ணீரும் கொடுங்கள்.