சேமித்த ரத்தம் ஆய்வுக்குத் தேறுமா?

கேரளத்தின் அட்டப்பாடி ஊர்களில் அரிவாள் செல் சோகைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் ஆய்வக ஊழியர் நான். 2023-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிய பின் இந்த வேலையின் பொறுப்பு கூடியிருக்கிறது. இருளர், முடுகர், குறும்பர் பழங்குடிக் குடும்பத்தார் நம்பிக் கை நீட்டுகிறார்கள். ஒரு துளியும் வீணாகக் கூடாது.

மாதிரி வந்ததும் பெயர், எண், எடுத்த நேரம் பார்ப்பேன். ரத்தம் கட்டிதட்டியிருந்தால் மறுபடி எடுக்க வேண்டும். முழு ரத்தத்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கிறோம்; உறைந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். சுழற்றிப் பிரித்த பிளாஸ்மா இளமஞ்சளாக இருந்தால் நல்லது. சிவந்திருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன. ஆனால் இந்த நோயில் உடலுக்குள்ளேயே அணுக்கள் உடையும். அதனால் நிறத்தை மட்டும் பார்த்து மாதிரியைத் தள்ளிவிட முடியாது.

நீண்டகால ஆய்வுக்கான பிளாஸ்மாவை மைனஸ் 80 டிகிரியில் சேமிப்பார்கள். உருக்கி மீண்டும் உறையவைத்தால் சில புரதங்கள் சிதையும். ஆகவே முதலிலேயே சிறு குழாய்களில் பிரித்து வைப்பது நல்லது.

எடுத்த நேரத்தையும் வைத்த வெப்பநிலையையும் தவறாமல் எழுதிவையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத மாதிரியை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது.